சிறு படகும் சிறு கொதிகலனும்

நிலத்தில் நிற்கும் நீராவி இயந்திரத்துக்குப் பாரம் ஒரு பொருட்டன்று. சுரங்க வாயிலிலே கற்கட்டின்மேல் அமர்ந்து, இரவு பகலாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பதினெட்டாம் நூற்றாண்டு இயந்திரங்கள் அத்தகையவை. அவற்றின் கொதிகலன்கள் வைக்கோற் போர்போலப் பருத்திருந்தன. அவற்றைச் சுமப்பார் எவருமிலர், பூமி சுமந்தது. அந்த இயந்திரத்தைப் படகில் ஏற்ற வேண்டும் என்ற ஆசை பிறந்தவுடன் கணக்கு மாறிவிட்டது. படகு தாங்கக்கூடிய பாரத்திற் பெரும்பகுதியைக் கொதிகலனும், அதனுள் இருக்கும் தண்ணீரும், அதனைச் சூழ்ந்த செங்கல் அடுப்புமே விழுங்கிவிட்டால், பயணிக்கு இடமேது? பண்டத்துக்கு இடமேது?

இன்று குளத்தில் ஓடும் மூன்றடி நீள மாதிரிப் படகுக்குச் செம்புத் தகட்டை வளைத்துக் கொதிகலன் செய்பவரும் இதே வினாவுக்கே விடை தேடுகிறார். ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றங்கரையில் ஒருவர் கண்ட விடையையே அவர் தம் மேசைமேல் மீண்டும் காண்கிறார். அந்த விடையின் வரலாறு நீராவிக் கப்பலின் வரலாற்றில் அடிக்கடி பேசப்படாத ஒரு பகுதியாகும்.

முதலிலே கருத்து தோன்றிய விதத்தைப் பார்க்கலாம். தண்ணீரைப் பெரிய அண்டாவில் ஊற்றிக் கீழே தீ மூட்டினால், தீ தொடுவது அண்டாவின் அடிப்புறத்தை மட்டுமே. தண்ணீர் மிகுதி, சூடேறும் பரப்போ குறைவு. அதே தண்ணீரைப் பல மெல்லிய குழாய்களிற் பகிர்ந்து ஊற்றி, குழாய்களைச் சுற்றி எங்கும் தீச்சுவாலை பரவும்படி செய்தால், சிறிதளவு தண்ணீர் பெரும் பரப்பிலே சூடேறும். நீராவி விரைவிற் பிறக்கும். வில்லியம் பிளேக்கி என்பவர் 1766ஆம் ஆண்டிலேயே இத்தகைய குழாய்க் கொதிகலன் ஒன்றுக்கு இங்கிலாந்திற் காப்புரிமை பெற்றார். படகுக்கு அதன் பெறுமதியை உணர்ந்தவர்களுள் ஒருவர் யேம்ஸ் றம்சி. அவர் 1787 திசம்பர் 3ஆம் நாள் பொட்டோமக் ஆற்றில், செப்பேட்ஸ்டவுன் என்னும் ஊரின் அருகே, படகின் பின்புறமாக நீரைப் பாய்ச்சித் தள்ளும் நீராவிப் படகொன்றை நீரோட்டத்துக்கு எதிராகச் செலுத்திக் காட்டினார். அதே ஆண்டு ஓகத்து மாதத்தில், யோன் பிச் என்பவர் டெலவெயர் ஆற்றிலே துடுப்புகளால் இயங்கும் தம் நீராவிப் படகை ஓட்டியிருந்தார். குழாய்க் கொதிகலனை முதலில் எண்ணியவர் யார் என்பது பற்றி இவ்விருவருக்கும் இடையே கடும் வழக்காடல் மூண்டது. துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. சத்தியக் கடதாசிகள் திரட்டப்பட்டன. இருவரும் வறுமையிலேயே மாண்டனர் என்பதைச் சொன்னால், அந்த வழக்காடலின் பயன் விளங்கும்.

இவர்களின் முயற்சிகளாற் கவரப்பட்டவர்களுள் யோன் ஸ்டீவன்ஸ் என்பவரும் ஒருவர். 1749ஆம் ஆண்டிற் பிறந்த இவர் செல்வக் குடும்பத்தவர்; சட்டம் கற்றவர்; அமெரிக்க விடுதலைப் போரிலே கேணல் பதவி வகித்தவர். நியூ யோர்க் நகருக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் ஹொபோக்கன் என்னும் நிலப்பகுதி முழுவதும் அவருக்குச் சொந்தமாயிருந்தது. ஆற்றைக் கடக்க ஒழுங்கான படகுச் சேவை இல்லாவிடின் அந்த நிலத்துக்கு விலையில்லை. எனவே நீராவிப் படகின்மீது அவர் கொண்ட காதலில் வணிகக் கணக்கும் கலந்திருந்தது என்று கொள்வதிலே தவறில்லை. புதிதாகத் தோன்றிய அமெரிக்கக் குடியரசிலே கண்டுபிடிப்பாளருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர் காங்கிரசுக்கு விண்ணப்பித்தார். 1790ஆம் ஆண்டிற் காப்புரிமைச் சட்டம் பிறந்தது. 1791 ஓகத்து 26ஆம் நாள் பிச், றம்சி, நேதன் றீட், ஸ்டீவன்ஸ் ஆகிய நால்வருக்கும் ஒரே நாளிற் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. ஒருவருக்கு ஒன்று கொடுத்து மற்றவரைப் பகைத்துக்கொள்ள விரும்பாத அதிகாரிகள் நால்வரையும் ஒருங்கே திருப்தி செய்ய முயன்றனர் போலும்! ஒருவரும் திருப்தியடையவில்லை.

ஸ்டீவன்ஸ் 1803ஆம் ஆண்டில், பல குழாய்கள் கொண்ட கொதிகலனுக்குத் தனியாகக் காப்புரிமை பெற்றார். அவர் வகுத்த கொதிகலன் ஒன்றின் அளவு பதிவாகியுள்ளது. நீளம் 2 அடி, அகலம் 15 அங்குலம், உயரம் 12 அங்குலம். அதனுள்ளே ஓரங்குல விட்டமுள்ள 81 குழாய்கள். ஒரு துணிப்பெட்டியின் அளவுதான். இந்த எண்களைச் சற்று நிதானமாகக் கணக்கிட்டுப் பார்த்தாலே அவருடைய நுட்பம் புலப்படும்.

இரண்டடி நீளமும் ஓரங்குல விட்டமும் உள்ள ஒரு குழாயின் புறப்பரப்பு ஏறத்தாழ 75 சதுர அங்குலம். அத்தகைய 81 குழாய்களின் பரப்பைக் கூட்டினால் 42 சதுர அடிக்கு மேல் வரும். அதே அளவிற் குழாய்களின்றி வெறும் பெட்டியாகச் செய்திருந்தால், ஆறு பக்கங்களையும் சேர்த்தாலும் பதினொன்றரைச் சதுர அடியே தேறும். அதிலும் தீ தொடுவது ஒரு பகுதியையே. இனித் தண்ணீரின் அளவைப் பார்ப்போம். தகட்டின் தடிப்பைக் கணக்கில் எடாவிட்டாலும், 81 குழாய்களிலும் நிற்கும் நீர் ஐந்தரைக் கலன் மட்டுமே. ஒருவர் காவடித் தண்டிற் கட்டிச் சுமந்து செல்லக்கூடிய அளவு! இதனுடன் ஒப்பிட, 1807ஆம் ஆண்டிலே றொபேட் புல்ற்றன் ஹட்சன் ஆற்றில் ஓட்டிய புகழ்பெற்ற படகின் கொதிகலன் ஏறத்தாழ 20 அடி நீளமும் 8 அடி அகலமும் 7 அடி ஆழமும் உடையது. அது கொதிகலன் என்பதிலும் ஓர் அறை என்பதே பொருந்தும்.

குழாய்களால் இன்னொரு பயனும் உண்டு. உருளையான ஒரு பாத்திரத்தின் உள்ளே அழுத்தம் ஏறும்போது அதன் சுவரைப் பிளக்க முயலும் விசை, பாத்திரத்தின் விட்டத்துக்கு ஏற்பக் கூடும். ஒரே தடிப்புள்ள தகட்டால் மூன்றடி விட்டமுள்ள உருளை ஒன்றும், ஓரங்குல விட்டமுள்ள குழாய் ஒன்றும் செய்து, இரண்டிலும் ஒரே அழுத்தத்தை ஏற்றினால், பெரிய உருளையின் தகடு படும் இழுப்பு குழாயின் தகடு படுவதைப்போல 36 மடங்காகும். ஆதலால் மெல்லிய குழாய், மெல்லிய தகட்டாலேயே மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். குழாய் ஒன்று வெடித்தாலும், அதிலிருந்து வெளிப்படும் வெந்நீர் சிறிது. பேரண்டா வெடித்தால் அருகில் நிற்பவர் எவரும் பிழைப்பதரிது.

அக்காலத்தில் இது வெறும் ஏட்டுக் கணக்கன்று, உயிர்க் கணக்கு. யேம்ஸ் வாட் தம் இயந்திரங்களை வளிமண்டல அழுத்தத்திலும் சற்றே மிகுந்த அழுத்தத்தில் மட்டுமே இயக்கினார். உயர் அழுத்த நீராவியை அவர் வெறுத்தார். கோர்ண்வால் நாட்டு றிச்சாட் ட்ரெவிதிக் அந்த வெறுப்பை மதியாமல் உயர் அழுத்த இயந்திரங்களைச் செய்யத் தொடங்கினார். 1803ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில், கிரீனிச்சில் நீர் இறைத்துக்கொண்டிருந்த அவருடைய கொதிகலன் ஒன்று வெடித்துச் சிதறிச் சிலர் மாண்டனர். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான்; பாதுகாப்பு வால்வோ திறக்க இயலாதபடி இருந்தது; அந்த நிலையில் இயந்திரம் நிறுத்தப்பட்டது என்பது வரலாறு. நீராவி போகும் வழியின்றித் திரண்டது. போட்டியாளர் இந்த விபத்தைத் தமக்கெதிராகப் பயன்படுத்தினர் என்று ட்ரெவிதிக் மனம் நொந்து எழுதினார். ஆயினும் அவர் எழுதியதோடு நிற்கவில்லை. அதன் பின்னர் ஒன்றுக்கு இரண்டாகப் பாதுகாப்பு வால்வுகளைப் பொருத்தினார். கொதிகலனின் சுவரிலே துளையிட்டு ஈயத்தால் அடைத்தார். நீர்மட்டம் அபாய அளவுக்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, நீராவி வெளியேறி, தன் வரவைத் தானே அறிவிக்கும்.

ஸ்டீவன்ஸ் 1804ஆம் ஆண்டு மே மாதத்திலே தம் சிறு படகை ஹட்சன் ஆற்றில் விட்டார். பின்புறத்தில் நீருக்குள் சுழலும் இரட்டை விசிறிகள். நடுவிலே செப்புக் குழாய்க் கொதிகலன். அதிலிருந்து எழும் உயர் அழுத்த நீராவியால் இயங்கும் ஒற்றைச் சிலிண்டர். படகு ஹொபோக்கனிலிருந்து புறப்பட்டு, ஆற்றைக் கடந்து நியூ யோர்க் கரையை அடைந்தது. கரையிலே நின்ற கூட்டத்தில், கொலம்பியாக் கல்லூரியில் அப்பொழுது மாணவராயிருந்த யேம்ஸ் றென்விக் என்பவரும் ஒருவர். துடுப்பின்றி, பாயின்றி, கண்ணுக்குத் தெரியும் உந்துகருவி எதுவுமின்றி ஆற்றைக் கடந்து வந்த அந்தப் படகைக் கண்ட வியப்பைப் பின்னாளிற் பேராசிரியரான அவர் பதிந்து வைத்துள்ளார். 'லிட்டில் யூலியானா' என்னும் பெயரால் அந்தப் படகு இன்று நினைக்கப்படுகிறது.

இரட்டை விசிறி, உயர் அழுத்தம், குழாய்க் கொதிகலன் ஆகிய மூன்றும் ஒரே படகில். அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் கழித்து உலகக் கப்பல்கள் யாவும் நாடிச் சென்ற மூன்றையும் இந்த மனிதர் ஒருங்கே கண்டுவிட்டார். ஆனால் அவர் வென்றாரா என்றால், இல்லை. அவருடைய கருத்திலே பிழையில்லை. கருவிகளிலும் கைகளிலும்தான் குறையிருந்தது. எண்பத்தொரு குழாய்களின் முனைகளையும் நீராவி கசியாமற் பொருத்தும் கம்மியர் அன்று அமெரிக்காவில் அரியர். துல்லியமாகச் சிலிண்டரைக் கடையும் கடைசற் பொறிகளும் அரியன. குழாயின் மூட்டு ஒன்று கசிந்தாலும் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் விசிறியின் வேகம் போதாது. துடுப்புச் சில்லு மெதுவாகச் சுழன்றாலும் படகைத் தள்ளும். விசிறியோ விரைவான சுழற்சியை வேண்டி நிற்பது.

எனவே ஸ்டீவன்சும் பின்வாங்கினார். அவர் அடுத்துக் கட்டிய 'பீனிக்ஸ்' என்னும் பெரிய கப்பலில், பழைய குறை அழுத்த இயந்திரமும் துடுப்புச் சில்லுகளுமே இடம் பெற்றன. அது நீரில் இறங்குமுன் புல்ற்றன் முந்திக்கொண்டார். புல்ற்றனுக்குத் துணைநின்றவர் றொபேட் லிவிங்ஸ்டன். அவர் ஸ்டீவன்சின் தமக்கையோ தங்கையோ ஆன ஒருத்தியை மணந்தவர்! நியூ யோர்க் மாநில நீர்ப்பரப்பில் நீராவிப் படகு ஓட்டும் தனியுரிமை மைத்துனரின் கையில் இருந்தபடியால், சொந்த வீட்டின் முன்னாலுள்ள ஆற்றிலேயே ஸ்டீவன்சுக்கு வழி அடைபட்டது. வேறு வழியின்றி 1809ஆம் ஆண்டு யூன் மாதத்தில் 'பீனிக்ஸ்' கடல்வழியாகப் பிலடெல்பியாவுக்கு அனுப்பப்பட்டது. திறந்த கடலில் ஓடிய முதல் நீராவிக் கப்பல் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது இவ்வாறுதான்.

குழாயின் கதை அத்துடன் முடியவில்லை. 1829ஆம் ஆண்டில் ஸ்டீவன்சனின் 'றொக்கெற்' என்னும் புகைவண்டி இயந்திரம் பரிசு வென்றபோது, அதன் கொதிகலனில் 25 செப்புக் குழாய்கள் இருந்தன. இங்கே ஒரு மாற்றத்தைக் கவனித்தல் வேண்டும். ஸ்டீவன்சின் கொதிகலனிலே குழாய்க்குள் நீரும் வெளியே தீயும் இருந்தன. 'றொக்கெற்'றிலே குழாய்க்குள் தீயின் சூடான புகையும் வெளியே நீரும் இருந்தன. இரண்டாவது முறையில் மூட்டுக் குறைவு, கசிவும் குறைவு. ஆனால் நீர் முழுவதும் மீண்டும் ஒரு பெரிய உருளைக்குள் வந்துவிடுகிறது. அதனுடன் பழைய அபாயமும் வந்துவிடுகிறது. 1865 ஏப்ரில் 27ஆம் நாள் மிசிசிப்பி ஆற்றில், மெம்பிசு நகருக்கு அருகே 'சுல்ற்றானா' என்னும் கப்பலின் கொதிகலன்கள் வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் உள்நாட்டுப் போரிற் சிறைப்பட்டு, விடுதலையாகி வீடு திரும்பிக்கொண்டிருந்த போர்வீரர். ஒட்டுப்போட்ட தகடும், அளவுக்கு மிஞ்சிய பாரமும், ஒடுக்கமான குழாய்களுக்கிடையே படிந்த ஆற்றுச் சேறும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

நீருக்குள்ளே கரைந்தும் கலந்தும் இருப்பவை கொதிகலனுக்குப் பகை என்பதை விளக்க மிசிசிப்பி வரை போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் கிணற்று நீரைச் சில மாதம் கொதிக்கவைத்த கேத்தலின் உட்புறத்தைப் பார்த்தாற் போதும். அந்த வெண்ணிறப் படலம் சூட்டை நீருக்குச் செல்லவிடாமல் தடுக்கும். தகடு தன்னளவிற் காய்ந்து வலுவிழக்கும். மாதிரிப் படகோட்டிகள் மழைநீரையோ வடித்த நீரையோ நாடுவதன் காரணம் இதுவே.

மாதிரி இயந்திரம் செய்வது ஒரு கலையாக ஒழுங்குபட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாம். 1898ஆம் ஆண்டிலே பேர்சிவல் மார்சல் என்பவர் லண்டனில் 'மொடல் என்ஜினியர்' என்னும் இதழைத் தொடங்கினார். மாதிரிப் பொறியாளர் சங்கமும் அதே ஆண்டில் அங்கு தோன்றியது. எழுதுவினைஞரும் தச்சரும் கடிகாரம் திருத்துவோரும் மாலை வேளைகளிற் கொதிகலன் செய்தனர். ஸ்டீவன்சுக்குக் கிடைக்காத இரண்டு அவர்களுக்குக் கிடைத்தன: சீராக இழுக்கப்பட்ட செப்புக் குழாயும், வெள்ளிப் பற்றாசும். சாதாரண ஈயப் பற்றாசு ஏறத்தாழ 185 பாகை சென்டிகிரேட்டில் உருகிவிடும். வெள்ளிப் பற்றாசு உருக அறுநூறு பாகையும் அதற்கு மேலும் வேண்டும். நீர் வற்றிய கொதிகலனில் இந்த வேறுபாடே உயிர்நாடி.

இனி ஒரு மூன்றடிப் படகுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை அங்குல விட்டமும் அரை அங்குல வீச்சும் உடைய, இருபுறமும் நீராவி ஏற்கும் சிலிண்டர் ஒன்று நிமிடத்துக்கு ஆயிரம் முறை சுழன்றால், ஏறத்தாழ 196 கன அங்குல நீராவியைக் கொள்ளும். சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அழுத்தத்தில், நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 560 மடங்கு விரிகிறது. ஆகவே நிமிடத்துக்கு ஒரு கன அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு நீர் போதும் என்று தோன்றும். ஆனால் குளிர்ந்த சிலிண்டரிலே நீராவி மீண்டும் நீராகிறது, மூட்டுகள் கசிகின்றன. அனுபவசாலிகள் தேவையை இரட்டித்தே கொள்வர்; அதாவது 0.7 கன அங்குலம். மதுசார விளக்கின் தீயில், நூறு சதுர அங்குலப் பரப்பு நிமிடத்துக்கு ஒரு கன அங்குல நீரை ஆவியாக்கும் என்பது வழக்கிலுள்ள அளவு. எனவே 70 சதுர அங்குலப் பரப்பு வேண்டும்.

மூன்று அங்குல விட்டமும் ஏழு அங்குல நீளமும் உடைய வெறும் உருளையைக் கிடத்தி, கீழ்ப்பாதியிலே தீ படும்படி செய்தாற் கிடைப்பது 33 சதுர அங்குலம். தேவையிற் பாதியும் இல்லை! உருளையைப் பெரிதாக்கினாலோ படகு தலைபாரமாகிக் கவிழும். என் செய்வது? ஹொபோக்கன் கரையில் வந்த விடையே இங்கும் வருகிறது. உருளையின் அடியில், எட்டில் மூன்று அங்குல விட்டமும் ஐந்து அங்குல நீளமும் உள்ள ஆறு நீர்க்குழாய்களைச் சற்றுச் சரிவாகப் பொருத்தினால், இன்னும் 35 சதுர அங்குலம் சேர்கிறது. சரிவு வேண்டுவது எதற்கு? சூடான நீர் மேல்நோக்கிச் செல்லவும், குளிர்ந்த நீர் அதனிடத்துக்கு வரவும் வழி வேண்டுமன்றோ.

பதினாறிலொரு அங்குலத் தடிப்புள்ள செப்புத் தகட்டிலே, இந்த அழுத்தம் உண்டாக்கும் இழுப்புச் சதுர அங்குலத்துக்கு 720 இறாத்தல் மட்டுமே. செம்போ இருபதினாயிரத்துக்கும் மேல் தாங்கும். உருளையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை; தட்டையான இரு முனைத் தகடுகளே வெளிப்புறமாகப் புடைக்கப் பார்ப்பவை. அதனால் அவற்றை உள்ளே ஊடுருவும் ஒரு செப்புக் கம்பியாற் பிணைத்தல் மரபு. செய்து முடித்த கொதிகலனைத் தீயில் வைக்குமுன், குளிர்ந்த நீரை நிரப்பிக் கைப்பம்பியால் இருமடங்கு அழுத்தம் ஏற்றிச் சோதிப்பர். நீர் அமுங்காத பொருள். மூட்டு ஒன்று விட்டுக்கொடுத்தால் ஒரு துளி கசிந்து அழுத்தம் விழுந்துவிடும், அவ்வளவே. அதே சோதனையைக் காற்றாற் செய்தால், அமுங்கிய காற்று விரிந்து தகட்டைக் கிழித்தெறியும்.

பாதுகாப்பு வால்வு வைத்தாயிற்று. நீர்மட்டக் கண்ணாடியும் வைத்தாயிற்று. ஆனால் குளத்தின் நடுவில் ஓடும் படகிலே அந்தக் கண்ணாடியைப் பார்ப்பவர் யார்? கிரீனிச்சில் ஒரு பையனாவது இருந்தான். இங்கே அவனும் இல்லை. மாதிரிக் கொதிகலனை வகுத்தவர்கள் இதற்கு எளியதொரு வழி கண்டனர். மேற்கூறிய கொதிகலன் 49 கன அங்குலம் கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கு நீர் நிரப்பினால், அது பாதியளவுக்கு இறங்குவதற்குள் 8 கன அங்குலம் ஆவியாகலாம். நிமிடத்துக்கு 0.7 வீதம் பதினொரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஆகவே விளக்கின் கிண்ணத்தைப் பத்து நிமிடம் எரியும் மதுசாரம் மட்டுமே கொள்ளும் அளவுக்குச் சிறிதாகச் செய்வர். நீர் வற்றுமுன் தீ தானே அணைந்துவிடும். படகும் இருந்த இடத்தில் மெல்ல நின்று, காற்று ஒதுக்கும் கரையை நோக்கி மிதந்து வரும்.